பழைய கார் பாதி வழியில் நின்றால்...

கைக்குழந்தையும் முதியவர்களுமாய் நிக்காஹ் வீட்டுக்குப் புறப்பட்டிருப்பீர்கள். நண்பகல் வெயிலில் உங்கள் பழைய பெட்ரோல் அம்பாசடர் திணறி நின்றுவிடும். கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்பார் மெக்கானிக். அவசரப்படாதீர்கள்! பெட்ரோல் வரும் வழியை டாங்கியிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

டாங்கியின் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே சென்று, பின்னர் இஞ்சின் சீராக ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. சற்று ஆறியபின் வண்டி தானே புறப்பட்டால், சூட்டினால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். மேடேறும்போது மட்டும் இழுக்க மறுத்தால், பெட்ரோல் வடிகட்டியில் துரு சேர்ந்திருக்கலாம். இஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை வீசினால், பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம். கரும்புகை கக்கினால், காற்று வடிகட்டியைப் பார்த்த பின்னரே சோக்கையும் கார்புரேட்டரையும் ஐயுறுங்கள்.

அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலோ 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய ரப்பர் குழாய்கள் இதனால் நாளடைவில் மென்மையாகி விரிசல் காணலாம். ஆகவே, வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். தீக்குச்சியை அருகில் கொண்டு செல்லாதீர்கள். கசியும் குழாயை மாற்றாமல் மீண்டும் ஓட்டாதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த வழி. உங்கள் வண்டியில் ஏறுவோர் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். குழாய்களைப் பார்த்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள்.