கொடிமலை இரயில் ஏறும்போது எந்த விசை பெரியது?

கொம்தாரிலிருந்து 204ஆம் எண் பேருந்தில் ஏறினால் கொடிமலை அடிவாரத்தில் இறங்கலாம். பள்ளி விடுமுறை நாள்களில் அங்கே வரிசை நீண்டிருக்கும். பொறுமையாக நின்று இரயில் பெட்டிக்குள் நுழைந்துவிட்டால், கதவு மூடும். ஒரு சிறு உலுக்கல். நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒருசேரப் பின்பக்கம் சாய்வார்கள். யாராவது ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரிக்கும். சற்று நேரத்தில் உலுக்கல் அடங்கி, இரயில் ஒரே சீராக மலையேறத் தொடங்கும்.

அந்தச் சீரான ஓட்டத்தின்போது பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இப்போது இந்தப் பெட்டியை மேலே இழுக்கும் விசை பெரியதா, கீழே இழுக்கும் விசை பெரியதா?"

"இதென்ன கேள்வி? மேலே இழுப்பதுதான் பெரியது. இல்லாவிட்டால் இரயில் எப்படி ஏறும்?" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நல்ல புள்ளிகள் வாங்கும் மாணவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

சரியான விடை: இரண்டும் சமம்.

நம்ப முடியவில்லையா? நீங்கள் தனியாள் இல்லை. ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமானால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் நினைத்தார். ஏறக்குறைய 2000 ஆண்டுகள் உலகம் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. கலிலியோ அதைக் கேள்வி கேட்டார். 1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா' நூலில் நியூட்டன் அதை விதியாகவே எழுதினார். விசைகள் சமநிலையில் இருந்தால், நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். ஓடும் பொருள் அதே வேகத்தில், அதே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

தமிழ்ப்பள்ளியில் 'விசை' என்று படித்தோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது 'டாயா' ஆகிவிட்டது. படிவம் 5 இயற்பியலின் முதல் பாடத்திலேயே தொகுபயன் விசை, அதாவது 'டாயா பாடுவான்' வந்துவிடுகிறது. மொழி மாறும்போது சொல் மட்டும் மனப்பாடமாகி, பொருள் நழுவிவிடுவது உண்டு. 'சமநிலை' என்ற சொல்லைக் கேட்டதும் அசையாமல் நிற்கும் தராசுதான் மனத்தில் தோன்றுகிறது. அதனால் சீரான வேகத்தில் போகும் காரின் படத்தைக் கொடுத்து விசைகளை வரையச் சொன்னால், முன்பக்க அம்பைப் பெரிதாக வரைந்து புள்ளியை இழக்கிறோம்.

கொடிமலை இரயிலில் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அரை முழத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 30 சென்டிமீட்டர் நூலில் வீட்டுச் சாவியைக் கட்டிக் கையில் தொங்கவிடுங்கள். இரயில் புறப்படும்போது சாவி பள்ளத்தாக்குப் பக்கம் சாயும். இரயிலின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு அரை மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், சாய்வு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். அந்த நேரத்தில் 60 கிலோ நிறையுள்ள ஒரு மாணவர் மீது செயல்படும் தொகுபயன் விசை 30 நியூட்டன். 3 கிலோ அரிசிப் பையின் எடை அளவுதான். அந்தச் சிறிய விசைக்கே கூட்டம் மொத்தமும் தடுமாறுகிறது. இரயில் சீரான வேகத்தை எட்டியதும் சாவி நேராகத் தொங்கும். கண்ணை மூடிக்கொண்டால் இரயில் ஏறுகிறதா, நிற்கிறதா என்று அந்தச் சாவியால் உங்களுக்குச் சொல்ல முடியாது. சமநிலை விசைகளின் அடையாளம் அதுதான்.

பாதி வழியில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒற்றைத் தண்டவாளம் அங்கே இரண்டாகப் பிரியும். மேலிருந்து வரும் பெட்டி நம்மைக் கடந்து போகும். எல்லாரும் கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பார்கள். அந்த வளைவில் சாவியைக் கவனியுங்கள்; லேசாகப் பக்கவாட்டில் ஆடும். வேகம் மாறாவிட்டாலும் திசை மாறினால் விசைகள் சமநிலையில் இல்லை என்று பொருள்.

எதிரே வந்த அந்தப் பெட்டி தற்செயலாக வந்ததல்ல. இந்த இரயிலின் இரகசியமே அதுதான்.

கொடிமலைக்கு இரயில் விடும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒருமுறை நடந்து, தோல்வியில் முடிந்தது. இப்போதுள்ள பாதை 1923 அக்டோபரில் மக்களுக்குத் திறக்கப்பட்டு, 1924 ஜனவரி 1ஆம் நாள் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. 2010இல் பழைய பெட்டிகளுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டு, 2011இல் புதிய இரயில் வந்தது. முன்பு நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும்; மேலே போய்ச் சேர அரை மணி நேரம் பிடிக்கும். உங்கள் பெற்றோரைக் கேட்டால் அந்தப் பழைய பெட்டியைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவார்கள். பெட்டியும் வேகமும் மாறினாலும் அடிப்படை முறை மாறவில்லை. ஒரு கம்பி வடத்தின் ஒரு முனையில் ஒரு பெட்டி, மறு முனையில் இன்னொரு பெட்டி. வடம் மலையுச்சியில் பெரிய சக்கரத்தைச் சுற்றி வருகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கிணற்றுக் கப்பியில் இரண்டு பக்கமும் வாளி கட்டியதைப் போல.

இதனால் என்ன ஆதாயம்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பாதையின் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். ஏறும் உயரம் ஏறக்குறைய 700 மீட்டர். அதாவது 100 மீட்டர் பாதைக்குச் சராசரியாக 35 மீட்டர் ஏற்றம். எனவே பெட்டியின் எடையில் 35 விழுக்காடு அதைப் பாதை வழியே கீழே இழுக்கிறது. எஞ்சிய பாதிப்பைத் தண்டவாளம் தாங்கிக்கொள்கிறது. இரண்டு பெட்டிகளும் ஒரே எடை என்பதால் அவற்றின் இழுப்பு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மோட்டாருக்கு மிஞ்சுவது பயணிகளின் எடை வேறுபாடும் உராய்வும் மட்டுமே.

ஏறும் பெட்டியில் 100 பேர், இறங்கும் பெட்டி காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 60 கிலோ என்றால் 6000 கிலோ. அதன் எடை 60,000 நியூட்டன். அதில் 35 விழுக்காடு 21,000 நியூட்டன். இரண்டு மைவி கார்களைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பிடித்திருப்பதற்கு ஏறக்குறையச் சமம். ஆனால் இறங்கும் பெட்டியிலும் 100 பேர் இருந்தால்? வேறுபாடு சுழியம். மோட்டார் உராய்வை மட்டும் வென்றால் போதும். மாலையில் உச்சியிலிருந்து கூட்டம் இறங்கும்போது, ஏறும் பெட்டி காலியாக இருந்தால் நிலைமை தலைகீழ். அப்போது மோட்டாரின் வேலை இழுப்பதன்று, இழுத்துப் பிடிப்பது. (வடத்துக்கும் எடை உண்டு, அது பெட்டிகள் நகர நகர ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கைப் பல்கலைக்கழக மாணவர்கள் போட்டுப் பார்க்கட்டும்.)

அடுக்குமாடி லிஃப்டும் இதே கதைதான். கூண்டு மேலே போகும்போது, கண்ணுக்குத் தெரியாத எதிர் எடை ஒன்று சுவருக்குள் கீழே இறங்குகிறது. காலிக் கூண்டின் எடையோடு, அது ஏற்றக்கூடிய சுமையில் ஏறக்குறையப் பாதியைச் சேர்த்து அந்த எதிர் எடையை அமைப்பது வழக்கம். பாதி நிறைந்த லிஃப்ட்டுக்குத்தான் மின்சாரம் குறைவாகச் செலவாகும்.

மலையை விட்டு நகருக்குள் வருவோம். தைப்பூசத்தின்போது பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கி வெள்ளி இரதம் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். காளைகள் இழுக்கத் தொடங்கிய கணத்தில் இரதம் அசையாது. இழுவிசைக்கு ஈடாகத் தடையும் கூடிக்கொண்டே போகிறது, சமநிலை. தடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. இழுவிசை அதைத் தாண்டிய நொடியில் இரதம் நகரும். நகர்ந்தபின் அதே வேகத்தில் கொண்டுசெல்ல முதலில் தேவைப்பட்ட அளவு விசை தேவையில்லை. வழி நெடுக உடைக்கப்படும் தேங்காய்களும் பாடம் நடத்துகின்றன. நாம் நடக்கும்போது கால் சாலையைப் பின்னே தள்ளுகிறது. உராய்வு நம்மை முன்னே தள்ளுகிறது. இளநீரும் தேங்காய்த் துண்டும் பரவிய தாரில் அந்த உராய்வு குறைந்துவிடும். வெறுங்காலுடன் இரதத்தின் பின்னே நடந்தவர்கள் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைப்பதன் காரணம் இதுதான்.

தடைக்கு வரம்பு உண்டு என்று சொன்னேன். தாங்கும் விசைக்கும் வரம்பு உண்டு. பினாங்கு மக்கள் இதை மிகக் கொடுமையான முறையில் கற்றுக்கொண்டார்கள்.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. தீவில் குவான் யின் விழா. இரண்டு கூட்டமும் பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத்துறையில் சேர்ந்தன. பெரிக்காகக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மேல்தளத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். மாலையில் அந்தத் தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். உங்கள் தாத்தா பாட்டியில் யாராவது அந்த நாளை நினைவில் வைத்திருக்கக்கூடும்.

விழுவதற்கு முந்தைய நொடி வரை அங்கே விசைகள் சமநிலையில்தான் இருந்தன. ஒவ்வொருவரின் எடைக்கும் ஈடாகத் தளம் மேல்நோக்கித் தாங்கிக்கொண்டிருந்தது. தளம் எப்படித் தாங்குகிறது? கண்ணுக்குத் தெரியாத அளவில் அது வளைகிறது. வளைந்த பொருள் திரும்பத் தள்ளுகிறது. ஆள் கூடக்கூட வளைவும் கூடும், தள்ளும் விசையும் கூடும். கற்காரையும் இரும்பும் இதற்கு மேல் முடியாது என்னும் எல்லை வரை. அதைத் தாண்டினால் எடை மட்டும் இருக்கும், ஈடு இருக்காது. அதன்பின் நடப்பது முடுக்கம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எடையும் தளத்தின் தாங்குவிசையும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால், இவைதாம் நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் இணை என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. இவை இரண்டும் ஒரே பொருள்மீது, உங்கள்மீது, செயல்படுகின்றன. மூன்றாம் விதியின் இணை வெவ்வேறு பொருள்கள்மீது செயல்படும்: தளம் உங்களைத் தள்ளுகிறது, நீங்கள் தளத்தைத் தள்ளுகிறீர்கள். அந்த இணை எப்போதும் சமம்தான். தளம் உடையும்போதும் சமம்தான். எடைக்கும் தாங்குவிசைக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

ஒரு சதுர மீட்டரில் 5 பேர் நெருக்கி நின்றால் 300 கிலோ. ஏறக்குறைய 3000 நியூட்டன். மக்கள் நின்று கூடும் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 5000 நியூட்டன் என்ற சுமையைப் பொறியாளர்கள் கணக்கில் எடுப்பது உண்டு. அதற்கு மேலும் பாதுகாப்புக்கு இடம் விடுவார்கள். ஆனால் அந்தக் கணக்கு, தளம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே செல்லும். நடந்துபோகும் வழியாக வரையப்பட்ட இடத்தில் மேடை போட்டால், மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தால், கணக்கு வேறு.

லிஃப்ட் கதவருகே '10 பேர், 680 கிலோ' என்று எழுதியிருப்பதும் இந்த எல்லையைத்தான். பதினோராவது ஆள் நுழைந்ததும் மணி ஒலிக்கும். யார் வெளியே போவது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். கொடிமலை அடிவாரத்திலும் அப்படித்தான். பெட்டிக்கு 100 பேர்; அந்த எண்ணிக்கை ஆனதும் வாயிலை அடைத்துவிடுவார்கள். இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறதே என்று வரிசையில் முணுமுணுப்புக் கேட்கும். அடுத்த பெட்டி அதற்குள் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியிருக்கும்.