ஆளுக்கு ஒன்று

ஒரு வீட்டில் ஐந்து பேர். இரவுச் சோறு ஒரே பானையில் வெந்திருக்கிறது. முதலில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பிறகு வீட்டுக்காரர். பிறகு மாமியார். கடைசியில் அம்மா பானைக்குள் கரண்டியை விடுகிறார். அடியில் கொஞ்சம் சோறுதான் இருக்கிறது. குழம்பில் காய் இல்லை.

"நீ சாப்பிடலையா அம்மா?" என்று மகள் கேட்கிறாள்.

"எனக்குப் பசி இல்லை கண்ணு" என்கிறார் அம்மா.

பகல் முழுக்கக் கொழுந்து கிள்ளியவருக்குப் பசி இல்லாமல் இருக்குமா?

யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை. பானைச் சோற்றுக்குக் கணக்கு இல்லை. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரிவதில்லை. கடைசி ஆளுக்குத்தான் குறைகிறது. அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் பெண்.

இட்லி அவித்தால் எப்படி? ஐந்து பேருக்கு 20 இட்லி. ஆளுக்கு நாலு. எண்ணிவிடலாம். அம்மாவின் பங்கும் கண்ணுக்குத் தெரியும்.

ஆளுக்கு ஒன்றாக, தனித்தனியாகச் செய்யும் உணவில் இந்த நன்மை இருக்கிறது. நம் பக்கத்தில் இது புதிய வழக்கம் அல்ல. இட்லி, கொழுக்கட்டை, இலை அடை, சிரட்டைப் புட்டு எல்லாமே இப்படித்தான். பாலக்காட்டுக்கு அருகில் ராமசேரி என்ற ஊர் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறிய முதலியார் குடும்பங்கள் செய்யும் இட்லி பேர்பெற்றது. மண் சட்டியின் வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, ஒவ்வொரு இட்லியாக ஊற்றி அவிப்பார்கள். அது தோசை போலத் தட்டையாக இருக்கும்.

இங்கே ஒரு இரவுச் சாப்பாடும் ஓர் இனிப்பும் செய்வோம். மலைக் குளிரில் இட்லி மாவு புளிக்க நேரமாகும். இந்த இரண்டுக்கும் மாவு புளிக்க வேண்டியதில்லை.

சிரட்டைப் புட்டு

புட்டு காலையில்தான் சாப்பிட வேண்டும் என்று சட்டம் இல்லை. இரவுக்கும் நல்லது.

ஐந்து பேருக்கு 10 புட்டு. வறுத்த அரிசி மாவு 5 டம்ளர் வேண்டும். இரண்டு டம்ளர் அரிசி மாவுக்குப் பதில் கேழ்வரகு மாவு சேர்த்தால் இன்னும் நல்லது. அரிசியை விடக் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து பல மடங்கு அதிகம்.

மாவில் உப்புப் போடுங்கள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடிக்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

கண் உள்ள சிரட்டையை எடுங்கள். உள்ளும் புறமும் சுரண்டிக் கழுவுங்கள். கண்ணில் ஒரு துளை போடுங்கள். துளை மேல் கொஞ்சம் தேங்காய்த் துருவல், அதன் மேல் மாவு, மேலே மறுபடியும் துருவல். மாவை அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஆவி ஏறாது.

குக்கரில் பாதி அளவு தண்ணீர் வையுங்கள். ஆவி வரும் குழாயில் அடைப்பு இல்லையா என்று முதலில் பாருங்கள். வெயிட்டைப் போடாதீர்கள். ஆவி நன்றாக வந்ததும் குழாயின் மேல் சிரட்டையைப் பொருத்தி, ஒரு சின்ன மூடியால் மூடுங்கள். மேலே ஆவி வந்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள். சிரட்டை சுடும். துணியால் பிடித்துத் தட்டில் கவிழுங்கள்.

கூட்டுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை கால் கிலோ போதும். முதல் நாள் இரவே ஊற வையுங்கள். வெந்த கடலையில் வதக்கிய வெங்காயம், தக்காளி, மசாலா சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இறக்கியதும் ஐந்து கிண்ணத்தில் சமமாக ஊற்றிவிடுங்கள். சட்டியில் மிச்சம் வைக்க வேண்டாம்.

இலை அடை

இதற்கு 2 டம்ளர் அரிசி மாவு, ஒரு தேங்காய், 200 கிராம் வெல்லம், 4 ஏலக்காய் வேண்டும். ஏலக்காய்க்கு நாம் வெளியூர் போக வேண்டாம். இடுக்கியே ஏல மலைதான்.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள். அதில் துருவிய தேங்காயைப் போட்டுக் கெட்டியாகும் வரை கிளறுங்கள். ஏலக்காயைத் தட்டிப் போடுங்கள். இது பூரணம்.

மாவில் உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். சூடு ஆறியதும் மிருதுவாகப் பிசைந்து 10 உருண்டை பிடியுங்கள்.

வாழை இலைத் துண்டை அனலில் வாட்டுங்கள். வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. இலையில் உருண்டையை மெல்லிதாகத் தட்டி, ஒரு பாதியில் பூரணம் வைத்து, இலையோடு மடியுங்கள். இட்லிச் சட்டியில் அடுக்கி அவியுங்கள். பிளாஸ்டிக் தாளில் மடித்து அவிக்கவே கூடாது.

பலாப்பழக் காலத்தில் சுளையை மசித்து, மாவும் வெல்லமும் சேர்த்து, வயணை இலையைக் கூம்பாகச் சுருட்டி அதில் வைத்து அவிக்கலாம். இதற்குக் கும்பிளப்பம் என்று பெயர்.

மலையில் ஏன் நேரமாகிறது?

கடல் ஓரத்தில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சுமார் 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும். ஆவியின் சூடும் அவ்வளவுதான். ஆகவே கீழ்நாட்டில் 15 நிமிடத்தில் வேகும் அடைக்கு இங்கே 20 நிமிடம் கொடுங்கள்.

இரத்தமும் தேநீரும்

2019-21இல் நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. கேரளத்தில் 100க்கு 36 பேர். இரத்தசோகை வந்தால் மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். தலை சுற்றும். வேலை ஓடாது. இதற்கு முக்கியக் காரணம் இரும்புச் சத்துக் குறைவு.

கடலையிலும் கீரையிலும் இரும்புச் சத்து உண்டு. ஆனால் சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்தில் பெரும் பகுதி உடலில் சேராது. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் அதைத் தடுக்கிறது. தேயிலை பறிக்கும் நாம் தேநீரை விட வேண்டாம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுவோம். கடலைக் கூட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

வேலைக்கும் பங்கு

உணவை மட்டும் பங்கு போட்டால் போதுமா? தோட்ட வேலை முடித்து வந்த பெண் ஒருத்தியே பத்துச் சிரட்டை நிரப்பினால் இடுப்பு ஒடிந்துவிடும். வீட்டுக்காரர் தேங்காய் துருவலாம். மாமியார் இலை மடிக்கலாம். பிள்ளைகள் உருண்டை பிடிக்கலாம், எண்ணலாம். எண்ணும்போது அம்மாவையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எல்லாத் தட்டிலும் வைத்த பிறகு எல்லோரும் ஒன்றாக உட்காருவோம்.

பேசுவோம்

1. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?
2. மலையில் அடை வேக ஏன் கூடுதல் நேரம் ஆகிறது?
3. சாப்பிட்டதும் தேநீர் குடிக்கலாமா?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் எத்தனை பேர்? ஆளுக்கு 2 அடை என்றால் மொத்தம் எத்தனை வேண்டும்? கணக்கை நோட்டில் எழுதுங்கள். உங்கள் பெயரையும் அதில் சேருங்கள்.