முதலில் பலகை

1968-ல் கலிஃபோர்னியாவின் ஜிம் டிரேக்கும் ஹோய்ல் ஸ்வைட்சரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்த விண்ட்சர்ஃபிங் பலகையில் சுக்கான் இல்லை. பாயே சுக்கான். பாய்மரத்தின் அடியைப் பலகையோடு இணைக்கும் மூட்டு எந்தப் பக்கமும் வளையும். பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றின் போக்கில் திரும்பும். பின்னே சாய்த்தால் காற்றை எதிர்த்துத் திரும்பும்.

இன்று அந்த மூட்டு பெரும்பாலும் ஒரு சிறிய ரப்பர் அல்லது யூரித்தேன் துண்டுதான். பாய் வாங்கும் காற்றின் விசையில் ஒரு பங்கு இதன் வழியாகப் பலகைக்கு இறங்குகிறது. வெயிலும் உப்பும் ஓயாத வளைவும் சேர்ந்து அதில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

கடலில் வேறு பாகங்களும் உடையும். அடியிலுள்ள துடுப்புச் செதில் போனால் பலகையின் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கும். உடலைப் பாயோடு கொக்கியால் இணைக்கும் இடுப்பு ஹார்னெஸைக் கழற்றிப் பலகையின் பின்கால் பட்டையில் கட்டித் தண்ணீரில் இழுபட விட்டால் ஓரளவு பிடிப்பு கிடைக்கும். பாய்மரம் முறிந்தால் பாய் பயன்படாது, ஆனால் எல்லாம் ஒன்றாகவே கிடக்கும். மூட்டு அறுந்தால் மட்டும் பாய் ஓரிடம், பலகை ஓரிடம். எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான்.

அப்போது கையில் இருப்பது பாய். விலை உயர்ந்தது, பிடித்துக்கொள்ளவும் தோதானது. அதை விட மனம் வராது. ஆனால் நீரில் கிடக்கும் பாய் நங்கூரம் போட்டதுபோல் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். சில கிலோ எடையுள்ள பலகையோ நீர்மட்டத்துக்கு மேலே மிதப்பதால் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். சற்றுத் தயங்கினாலும் தேர்ந்த நீச்சல்காரராலும் எட்ட முடியாமல் போகலாம். ஹார்னெஸ் கொக்கியை விடுவித்துப் பலகையை நோக்கி உடனே நீந்துங்கள். அதன்மேல் படுத்துக் கையால் துழாவிப் பாய்க்குத் திரும்பிவரலாம்.

பல மூட்டுகளில் ரப்பர் அறுந்தாலும் பிரியாமலிருக்கப் பாதுகாப்புப் பட்டை இருக்கிறது. அது இல்லாத மூட்டை வாங்காதீர்கள். இடுப்பில் ஒன்றிரண்டு மீட்டர் கயிறு இருந்தால் பாய்மர அடியைப் பலகையோடு கட்டி மெல்லக் கரை நோக்கி நகர முயலலாம். முடியாவிட்டால் பாயைத் தளர்த்தி, பாய்மரத்தோடு சுருட்டிப் பலகைமேல் வைத்து, குப்புறப் படுத்துத் துழாவ வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் பாயைக் கைவிடத் தயங்கக் கூடாது. பலகையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது: காற்றைவிடத் தண்ணீர் உடல்வெப்பத்தைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும், தனியே மிதக்கும் தலையைத் தேடுவோர் கண்டுபிடிப்பதும் அரிது. பலகையில் அமர்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தித் தாழ்த்துவது உலகெங்கும் அறிந்த ஆபத்துச் சைகை.

கரை சேர்ந்ததும், கைவிட்ட பாயைப் பற்றிக் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் எண் 1554. ஆளில்லாமல் மிதக்கும் பாயை ஒரு கப்பல் பார்த்தால், இல்லாத ஒருவரைத் தேடிப் படகுகள் புறப்படும்.