ஊட்டும் வேளையும் பாடவேளையே

விருத்தாசலத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கும் தாயும், வயல்வேலைக்குப் போகும் தாயும், கடையில் பணிபுரியும் தாயும் காலையில் தம் குழந்தையைப் பாட்டி வீட்டிலோ, தெருவில் நம்பிக்கைக்குரிய ஓர் அக்கா வீட்டிலோ விட்டுச் செல்கின்றனர். நாளடைவில் அவ்வீட்டில் மூன்று, நான்கு குழந்தைகள் சேர்ந்துவிடுகின்றனர். பெயர்ப்பலகை இல்லாத இத்தகைய வீடுகளை இக்கட்டுரையில் ‘பகல் இல்லம்’ என்று குறிப்பிடுகிறோம்.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என விதித்தது. தாய் நாளொன்றுக்கு 4 முறை அங்குச் சென்று வரவும் இடமளித்தது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையை இவ்விதி எட்டுவதில்லை. அங்கன்வாடி மையம் மூடிய பின்னும் பட்டறை வேலை தொடர்கிறது. இந்த இடைவெளியை நிரப்புபவை பகல் இல்லங்களே. அவற்றைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. அங்குக் கழியும் எட்டு மணி நேரம் குழந்தையின் உடலுக்கும் அறிவுக்கும் முழுமையாகப் பயன்பட வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

இரண்டு குறைகள், ஒரே வேர்

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளை எங்கள் பிரிவுக்கு அழைத்து வரும் பெற்றோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறைகள் இரண்டு. ஒன்று, “சரியாகச் சாப்பிடுவதில்லை, எடை ஏறவில்லை.” மற்றொன்று, “இன்னும் பேச்சு வரவில்லை.” விசாரித்துப் பார்த்தால், பல நேரங்களில் இவ்விரண்டும் சாப்பாட்டு வேளையில் சந்திக்கின்றன. கைப்பேசியில் படம் ஓடுகிறது. குழந்தை தன்னையறியாமல் வாயைத் திறக்கிறது. சோறு உள்ளே செல்கிறது. ஊட்டுபவர் பேசுவதில்லை, குழந்தை அவர் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. தன் பசியையும் நிறைவையும் உணரும் வாய்ப்பும், சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் வாய்ப்பும் ஒருசேரக் கைநழுவுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் திரை வேண்டவே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதுவும் குறையக் குறைய நன்று. ஆயினும் எல்லாப் பழியையும் கைப்பேசியின்மீது போட்டுவிட்டுக் காத்திருத்தலும் தவறு. எடை ஏறாமைக்கு நோய்த்தொற்றும், பேச்சுத் தாமதத்துக்குச் செவித்திறன் குறைவும் காரணமாகலாம். அவற்றை மருத்துவரே பரிசோதித்து அறிய இயலும்.

தமிழகம் கண்ட பாடம்

உணவையும் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் வைப்பது நமக்குப் புதிதன்று. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்தவையே இன்றைய அங்கன்வாடி மையங்கள். 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது முதலான சிறு குழந்தைகளையும் பந்தியில் அமர்த்தியது.

அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் 320 அங்கன்வாடி மையங்களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அவற்றுள் பாதி மையங்களில் மட்டும், முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பின் அம்மையங்களின் குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் முன்னேறியிருந்தனர். அத்துடன், வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் அங்குக் குறைந்திருந்தன. அம்மையங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு மனிதரின் நேரமும் கவனமுமே. பகல் இல்லத்திலும் குழந்தைக்கு முதன்மையாக வேண்டியது இதுவே.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. வேலைக்குச் செல்லும் தாய், கொதிக்க வைத்து ஆறிய எவர்சில்வர் பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்துச் செல்லலாம். நிழலான, குளிர்ந்த இடத்தில் நான்கு மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். கோடை வெயிலில் குளிர்சாதனப் பெட்டியே பாதுகாப்பு. புட்டி வேண்டாம், பாலாடையால் புகட்டுவதே நன்று.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு தொடங்க வேண்டும். 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளை; 9 மாதம் முதல் இரண்டு வயது வரை 3 அல்லது 4 வேளையும், இடையே ஓரிரு முறை சிற்றுண்டியும் தேவை. கஞ்சித் தண்ணீரும், ரசத்தில் கரைத்த சோறும், பாலில் ஊறிய பிஸ்கட்டும் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்கா. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் உணவு இருக்க வேண்டும். குழைந்த சோறு, பருப்பு, மசித்த முருங்கைக்கீரை, ஒரு கரண்டி எண்ணெய் அல்லது நெய், முட்டை ஆகியவை போதும். அங்கன்வாடியில் பெறும் சத்துமாவைக் குழந்தையுடன் பகல் இல்லத்துக்குக் கொடுத்தனுப்புங்கள்.

நிலக்கடலையும் முந்திரியும் நம் வட்டாரத்தின் செல்வங்கள். எனினும் முழுக் கடலையோ முந்திரியோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். வறுத்து நைசாகப் பொடித்துச் சோற்றிலோ கஞ்சியிலோ கலந்து கொடுங்கள்.

பல குழந்தைகள் உள்ள இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தட்டு வேண்டும். ஒரே தட்டிலிருந்து எல்லோருக்கும் ஊட்டினால், யார் எவ்வளவு உண்டார் என்பது தெரியாது. அமைதியான குழந்தை அரைவயிற்றோடு எழுந்துவிடும்.

ஊட்டும்போது பேசுங்கள்

“சூடாக இருக்கிறது, ஊது.” “இது கேரட், இது பருப்பு.” “இன்னும் வேண்டுமா? போதுமா?” இச்சிறு சொற்களே குழந்தையின் முதற்பாடம். கேள்வி கேட்டுச் சற்றுக் காத்திருங்கள். குழந்தை ஓர் ஒலியாலோ தலையசைப்பாலோ விடை தரும். அவ்விடைக்கு நீங்கள் மறுமொழி சொல்லும்போது உரையாடல் பிறக்கிறது. இட்லித் துண்டுகளை எண்ணித் தட்டில் வைத்தால் கணக்கு. ஒன்பது, பத்து மாதக் குழந்தை விரலால் சோற்றுப் பருக்கையை எடுத்து வாய்க்குக் கொண்டு செல்வது கைக்குப் பயிற்சி. சிறிது சிந்தட்டும், அது வீணன்று. முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். மிரட்டியும் வாயை அழுத்தியும் ஊட்டினால் உணவின்மீது அச்சமே வளரும்.

மற்ற நேரத்திலும் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் தேவையில்லை. தம்ளர்களை அடுக்குதல், உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் பிரித்து வைத்தல், துணிக்கடியில் கிண்ணத்தை ஒளித்துத் தேடச் செய்தல், கைதட்டிப் பாடுதல், படம் காட்டிக் கதை சொல்லுதல் ஆகியவை மூன்று வயது வரை போதுமானவை. புளியங்கொட்டை, சோழி, பொத்தான் ஆகியவற்றை இவ்வயதினரின் கைக்கெட்டாமல் வையுங்கள். தண்ணீர் நிறைந்த வாளியும் அவ்வாறே. குழந்தை மூழ்கச் சிறிதளவு நீரே போதும். மதிய உறக்கம் அவசியம். ஒன்று, இரண்டு வயதினருக்கு இரவும் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை.

பீங்கான் தொழிற் குடும்பங்களுக்கு ஒரு சொல்

ஈரக் களிமண்ணில் உருண்டை பிடிப்பது குழந்தைக்கு நல்ல விளையாட்டு. ஆனால் பட்டறையின் உலர்ந்த மண் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைப் பாதிக்கும். சிலவகை மெருகுப் பூச்சுகளிலும் வண்ணங்களிலும் ஈயம் கலந்திருக்கலாம். குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை. எனவே பூச்சுப் பொடியைக் குழந்தை அருகே கொண்டு வராதீர்கள். அலங்காரத்துக்கெனச் செய்த வண்ணக் கிண்ணத்தில் உணவு கொடுக்காதீர்கள். தயிர், புளி போன்ற புளிப்பு ஈயத்தைக் கரைத்து வெளிக்கொணரும். மாலையில் கை, கால், முகம் கழுவி உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குங்கள்.

எப்போது வர வேண்டும்?

இரண்டு மாதமாக எடை ஏறாவிட்டால். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லாவிட்டால், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், கற்ற சொல்லை மறந்துவிட்டால் உடனே அழைத்து வாருங்கள். எடையையும் கைச் சுற்றளவையும் அங்கன்வாடி மையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தையை அழைக்கச் செல்லும் மாலைவேளையில் மூன்று கேள்விகளைக் கேட்கும் வழக்கம் கொள்ளுங்கள்: இன்று என்ன உண்டது? எவ்வளவு தூங்கியது? புதிதாக என்ன சொன்னது, என்ன செய்தது? இவற்றை விசாரணையாக அன்றி, நன்றியோடு கேளுங்கள். பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாகப் பார்ப்பவருக்கு உரிய தொகையும் மதிப்பும் கிடைத்தால் அவரது கவனம் மேலும் கூடும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, இயன்றால் அந்தப் பாட்டியையோ அக்காவையோ உடன் அழைத்து வாருங்கள். குழந்தையின் பகற்பொழுதை நன்கறிந்தவர் அவரே. அவரிடம் நாங்கள் கேட்டறிய வேண்டியவை பல உள்ளன. சொல்ல வேண்டியவையும் சில உள்ளன.