பேச ஓர் ஆள் வேண்டும்!

மாலை 6 மணி. புதுக்கடை சந்திப்பு.

மார்த்தாண்டத்தில் இருந்து பஸ் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் இறங்குகிறார்கள். கடைசியாக ஒரு வாலிபர் இறங்குகிறார். தோளில் பை. கையில் செல்போன்.

எதிரே சாயாக்கடை. பெஞ்சியில் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். வாலிபர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி, பின்பக்கத்துச் சந்து வழியாக வீட்டுக்குப் போகிறார். நேர்வழியில் போனால் 5 நிமிடம். சந்து வழியாகப் போனால் கால் மணி நேரம்.

ஏன் இந்தச் சுற்றுவழி?

சாயாக்கடையைத் தாண்டினால் ஒரு கேள்வி வரும்.

"மக்களே, வேல வல்லதும் கிட்டிச்சா?"

அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, அவர் 8 மாதமாகச் சுற்றி நடந்தார்!

பட்டதாரியின் ஒரு நாள்

அவருக்கு வயது 26. பொறியியல் படித்தவர். "என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே, பெயர் வேண்டாம். இந்தப் பெயர் இல்லாத வாலிபர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

காலையில் அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்துத் திரும்பும்போது, மகன் தூங்கிக்கொண்டு இருப்பான். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால், வாளியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். அந்தச் சத்தத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

பிறகு மார்த்தாண்டத்தில் தேர்வுப் பயிற்சி வகுப்பு. பஸ்சில் நிற்க இடம் இராது. மதியம் ஏதாவது ஒரு கம்பெனிக்கு மனு அனுப்ப வேண்டும். பாதியில் இணையம் நின்றுபோகும். மறுபடியும் முதலில் இருந்து எழுத வேண்டும். அனுப்பிய மனுவுக்குப் பதில் வராது. "இல்லை" என்ற பதில்கூட வராது.

இவை எல்லாம் சின்னச் சின்னத் தொல்லைகள்தான். ஒன்றைத் தனியாக எடுத்துச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால், செருப்பில் ஏறிய மணலைப் போல, நடக்க நடக்க உறுத்தும்.

"நண்பர்கள் இல்லையா?" என்று கேட்டோம்.

அவர் சொன்னார்:-

"நாங்க ஆறு பேரு. சாயந்திரம் ஆனா வாலிபால் விளையாடுவோம். ஒருத்தன் துபாய்ல. ஒருத்தன் கத்தார்ல. ரெண்டு பேரு பெங்களூர்ல. ஒருத்தன் சென்னையில. நான் மட்டும் இங்க. போன மாசம் எனக்குப் பிறந்த நாள். செல்போன்ல 47 வாழ்த்து வந்திச்சு. வீட்டுப் படி ஏறி ஒருத்தரும் வரல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

பேசிக்கொண்டே ஊமை!

பக்கத்து ஊரில் ஒரு பெண். வயது 24. அவருக்கு வேலை இருக்கிறது. நல்ல சம்பளம். வெளியூர்க் கம்பெனிக்காக, வீட்டு மாடியில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார். காலை 9 மணிக்குக் கதவைச் சாத்தினால், இரவு 8 மணிக்குத்தான் திறப்பார்.

அவர் சொன்னார்:-

"நாள் முழுக்கப் பேசுகேன். ஆனா ஆருகிட்டயும் பேசல்ல. அம்மா மரச்சீனி அவிச்சு மேல கொண்டு வந்து வெச்சிட்டுப் போவா. மகளுக்கு வேலை கெடக்குன்னு அவளும் பேசமாட்டா."

வேலை இல்லாதவருக்கும் தனிமை. வேலை இருப்பவருக்கும் தனிமை. ஆகவே, 'வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பெற்றோர் நினைப்பது பாதிதான் உண்மை.

ஆறு பேரில் ஒருவர்

இது புதுக்கடையின் கதை மட்டும் அல்ல. உலகம் முழுவதும் இதே கதை.

உலக சுகாதார நிறுவனம் 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று அது கூறியது. வயதானவர்கள்தான் தனிமையில் வாடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால், 13 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களில், 100-க்கு 17 முதல் 21 பேர் "தனிமையாக உணர்கிறோம்" என்று சொல்லி இருக்கிறார்கள்!

தனிமை மனதை மட்டும் வாட்டுவது இல்லை. இருதய நோய், பக்கவாதம், நீரிழிவு போன்ற நோய்களுக்கும் அது வழி வகுக்கிறது. ஆண்டுக்கு சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு உண்டு என்று அதே அறிக்கை கணக்கிட்டது.

இங்கிலாந்தில் 2018-ம் ஆண்டு தனிமையைக் கவனிக்க ஒரு மந்திரியை நியமித்தார்கள். ஜப்பான் 2021-ல் அப்படியே செய்தது. அந்த நாட்டில், மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களுக்கு 'ஹிகிகோமோரி' என்று ஒரு பெயரே இருக்கிறது. 15 வயது முதல் 64 வயது வரை உள்ளவர்களில், இப்படி ஒதுங்கி வாழ்பவர்கள் சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று ஜப்பான் அரசு 2022-ல் எடுத்த கணக்கில் தெரிய வந்தது.

முதலில் வேலை போகும். அல்லது பரீட்சையில் தோல்வி வரும். வெட்கம் வரும். வெட்கத்தால் கதவு மூடும். பிறகு கதவைத் திறக்கவே வெட்கமாக இருக்கும். சந்து வழியாக வீட்டுக்குப் போன நம் வாலிபரும், இந்தப் பாதையில்தான் முதல் அடி வைத்து இருந்தார்.

படிப்பு இருக்கிறது, இடம் இல்லை

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதல் இடம் பெற்ற மாவட்டம் கன்னியாகுமரி. 100-க்கு சுமார் 92 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெருமைதான். ஆனால், படித்தவர்களுக்கு எல்லாம் உள்ளூரில் நாற்காலி எங்கே?

2024-ம் ஆண்டு நடந்த 'குரூப்-4' அரசுத் தேர்வை எடுத்துக்கொள்வோம். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. மனுப் போட்டவர்கள் சுமார் 20 லட்சம் பேர்! அதாவது, ஓர் இடத்துக்கு 320 பேர். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். அப்போதும், தோற்றவர்களே மிகப் பலர்.

320 பேரில் 319 பேர் சோம்பேறிகளா? இல்லை. எல்லோரும் விழித்து இருந்து படித்தவர்களே. பெற்றோர் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். மகனைப் பார்க்கும் பார்வை மாறும்.

அன்று இதே ஊரில்...

புதுக்கடைக்கு ஒரு சரித்திரம் உண்டு.

அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி அதன் பெருந்தலைவர். 1954-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். பலர் உயிர் இழந்தார்கள். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. புதுக்கடை தியாகிகளுக்கு இன்றும் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறோம்? 'அந்தக் காலத்துப் பிள்ளைகள் வீரர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கோழைகள்' என்று சொல்வதற்கு அல்ல. அந்தக் காலத்திலும் வறுமை இருந்தது. வேலை இல்லாதவர்கள் இருந்தார்கள். ஆனால், ஒருவரை ஒருவர் தேட ஒரு காரியம் இருந்தது. "இன்று சாயந்திரம் வா" என்று கூப்பிட ஓர் ஆள் இருந்தார். போகாவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று மறுநாள் வீட்டுக்கு வந்து கேட்டார்.

இன்று, வராவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. அதுதான் வித்தியாசம்.

சிகாகோ ரெயிலில் ஒரு சோதனை

அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2014-ல் வெளிவந்தது.

ரெயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரிடம், "பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரோடு பேசுங்கள்" என்றார்கள். சிலரிடம், "பேசாமல் தனியாக இருங்கள்" என்றார்கள். எந்தப் பயணம் இனிமையாக இருந்தது? பேசியவர்களின் பயணம்தான்!

வேடிக்கை என்னவென்றால், இன்னும் சிலரிடம் சோதனை செய்யாமல், "எது இனிமையாக இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்கள். "பேசாமல் இருப்பதுதான்" என்றார்கள் அவர்கள்! நம்மோடு பேச யாருக்கும் விருப்பம் இராது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறோம். அடுத்தவரும் அப்படியே நினைக்கிறார். இருவரும் செல்போனைப் பார்க்கிறோம்.

ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1938-ம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. இளம் வயதில் சேர்த்துக்கொண்டவர்களை முதுமை வரை தொடர்ந்து கவனித்தார்கள். உடல் நலத்தோடும் மகிழ்ச்சியோடும் வாழத் துணை நிற்பவற்றில், நல்ல உறவுகள் முதன்மையானவை என்று கண்டார்கள்.

கேள்வியை மாற்றுங்கள்

பெரியவர்களே! "வேலை கிடைத்ததா?" என்று கேட்பது அக்கறையால்தான். ஆனால், வேலை கிடைத்தால் அவனே ஓடிவந்து சொல்லமாட்டானா? "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்" என்று ஒரு காரியம் கொடுங்கள். தான் ஒருவருக்குத் தேவைப்படுகிறோம் என்ற எண்ணம், மருந்தைப் போல வேலை செய்யும்.

வாலிபர்களே! நாளைக்கே நூறு நண்பர்களைத் தேட வேண்டாம். ஒருவருக்கு வாழ்த்து அனுப்புவதற்குப் பதிலாக, கூப்பிட்டுப் பேசுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் நிலையமோ, விளையாட்டு மைதானமோ, எதுவாகவும் இருக்கலாம்.

தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர்மேல் வெறுப்பு என்ற நிலை வந்தால், தாமதம் வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022-ல் தொடங்கியது. இரவும் பகலும் உண்டு. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போலத்தான் இதுவும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மழை செய்த உதவி

நம் வாலிபர் கதை என்ன ஆயிற்று?

நவம்பர் மாதத்தில் ஒரு மாலை. நல்ல மழை. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். வேறு வழி இல்லாமல், சாயாக்கடையில் ஒதுங்கினார். கேள்வி வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால், பெரியவர்கள் வேறு கவலையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பென்ஷன்காரர். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஆண்டுதோறும் சான்று காட்ட வேண்டும். இப்போது அதைச் செல்போனிலேயே செய்யலாம். முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். பெரியவர் சிமிட்டிச் சிமிட்டிக் களைத்துப்போய் இருந்தார்.

"நான் சாவல்லன்னு இந்த டப்பாவுக்கு ஆருடே சொல்லுவா?" என்று அவர் கத்தினார்.

வாலிபர் சிரித்துவிட்டார். "தாங்க பாட்டா" என்று செல்போனை வாங்கினார். விளக்குக்கு நேராக முகத்தைத் திருப்பச் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

மறுநாள் இன்னும் மூன்று பேர் செல்போனோடு காத்து இருந்தார்கள்! ஒருவருக்கு மின்சாரக் கட்டணம். ஒருவருக்கு பேத்தியின் கல்லூரி மனு. இன்னொருவருக்கு வளைகுடாவில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேச வேண்டும்.

இப்போது அவர் சந்து வழியாகப் போவது இல்லை. மாலை 6 மணிக்கு பெஞ்சியில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. ஒரு நாள் வராவிட்டால், யாராவது வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள்.

வேலை? இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த தேர்வுக்குப் படிக்கிறார். காலையில் அப்பா வைக்கும் வாளிச் சத்தம் இன்னும் கேட்கத்தான் செய்கிறது.

ஆனால், பஸ்சை விட்டு இறங்கியதும் அவர் காதில் விழும் முதல் வார்த்தை மாறிவிட்டது.

"மக்களே, வா! சாயா குடி!"