இளையோர் கால்பந்துப் பயிற்சியகம்

இளையோர் கால்பந்துப் பயிற்சியகம் என்பது சிறுவர்களை இளம் வயதிலேயே தேர்ந்தெடுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பயிற்சியும் படிப்பும் அளித்து, கால்பந்து ஆட்டக்காரர்களாக உருவாக்கும் அமைப்பாகும். பேச்சு வழக்கில் இது 'அகாடமி' என்றே அழைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் தொழில்முறைக் கால்பந்துக் கழகங்களே இவற்றை நடத்துகின்றன. இந்தியாவில் 1987ஆம் ஆண்டு ஜாம்ஷெட்பூரில் தொடங்கப்பட்ட டாட்டா கால்பந்துப் பயிற்சியகம் இவ்வகையில் முன்னோடியாகும்.

எந்த நாட்டுப் பயிற்சியகத்தில் சேர்ந்தாலும், சேரும் சிறுவர்களுள் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆகின்றனர். ஆகவே ஒரு பயிற்சியகத்தை மதிப்பிடும்போது அது உருவாக்கிய நட்சத்திர வீரர்களை மட்டும் எண்ணுவது போதாது. பாதி வழியில் வெளியே அனுப்பப்படும் பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி முகாமும் பயிற்சியகமும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் கோடை விடுமுறையில் பள்ளி மைதானங்களில் விளையாட்டுப் பயிற்சி முகாம்கள் நடப்பதை நாம் அறிவோம். இரண்டு அல்லது மூன்று வாரங்கள் காலையிலும் மாலையிலும் பயிற்சி நடக்கும். ஆர்வமுள்ள எவரும் சேரலாம். இது பயிற்சி முகாம்.

பயிற்சியகம் இதிலிருந்து மூன்று வகைகளில் வேறுபடுகிறது. முதலாவது, தேர்வு. திறன் உள்ளவர் என்று கருதப்படுபவர் மட்டுமே சேர்க்கப்படுவார். இரண்டாவது, தொடர்ச்சி. ஒரே சிறுவனை ஆண்டுக்கணக்கில் கவனித்து, வயதுக்கேற்ற பாடத்திட்டத்துடன் பயிற்சி தருவார்கள். மூன்றாவது, மறு ஆய்வு. குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒவ்வொருவரும் மதிப்பிடப்படுவர். முன்னேற்றம் போதாது எனில் விடுவிக்கப்படுவர். பெற்றோர் பலர் முதல் இரண்டையும் அறிந்திருப்பர். மூன்றாவதைப் பிறகுதான் அறிகின்றனர்.

இங்கிலாந்தின் முறை

இங்கிலாந்துக் கழகங்கள் நெடுங்காலமாகவே இளைஞர் அணிகளை வைத்திருந்தன. 1950களில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் மேலாளர் மாட் பஸ்பி இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டே முதன்மை அணியை அமைத்துப் புகழ் பெற்றார். ஆனால் இன்றைய முறையான பயிற்சியகங்கள், ஹோவர்ட் வில்கின்சன் 1997இல் அளித்த திட்டத்தின் அடிப்படையில் உருவானவை. 2012ஆம் ஆண்டு முதல் 'சிறப்பு ஆட்டக்காரர் செயல்திறன் திட்டம்' என்னும் புதிய விதிமுறை நடைமுறைக்கு வந்தது. இதன்படி பயிற்சியகங்கள் வசதி, பயிற்றுநர் எண்ணிக்கை, கல்வி ஏற்பாடு முதலியவற்றைக் கொண்டு நான்கு தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன.

சிறுவர்களின் வளர்ச்சி மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது:

1. அடித்தளக் கட்டம்: 9 முதல் 11 வயதுக்குட்பட்டோர் பிரிவுகள்.
2. இளையோர் வளர்ச்சிக் கட்டம்: 12 முதல் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவுகள்.
3. தொழில்முறை வளர்ச்சிக் கட்டம்: 17 வயதுக்குட்பட்டோர் பிரிவு முதல் 21 வயதுக்குட்பட்டோர் பிரிவு வரை.

16 வயதில் சிலருக்கு மட்டும் இரண்டு ஆண்டு உதவித்தொகைப் பயிற்சி வழங்கப்படும். அப்போதும் படிப்பு கட்டாயம். 17 வயது நிரம்பிய பின்னரே தொழில்முறை ஒப்பந்தம் செய்யலாம்.

முன்பு சிறுவரின் வீட்டிலிருந்து பயிற்சியகத்துக்கு ஆகும் பயண நேரத்துக்கும் வரம்பு இருந்தது. சிறியவர்களுக்கு ஒரு மணி நேரம். சற்றுப் பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். இராஜபாளையத்துச் சிறுவனுக்கு அந்த விதி பொருந்துமானால், பேருந்தில் மதுரைக்குச் செல்வதே வரம்பை மீறிவிடும். உயர்தரப் பயிற்சியகங்களுக்கு இந்த வரம்பு 2012இல் தளர்த்தப்பட்டது. பெரிய கழகங்கள் தொலைவிலுள்ள சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ள இது வழிசெய்தது.

கழகங்கள் இவ்வளவு செலவிடுவதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. தாமே வளர்த்த ஆட்டக்காரரை விற்றால், அவரை வாங்கிய விலை என்று கழிக்க எதுவும் இல்லை. கிடைக்கும் தொகை முழுவதும் கணக்கில் லாபமாகவே பதியும்.

பிறந்த மாதத்தின் செல்வாக்கு

பயிற்சியகத் தேர்வில் ஆய்வாளர்கள் கண்ட ஒரு குறை, ஆசிரியர்களுக்கு வகுப்பறையிலேயே பழக்கமானது. ஒரே வகுப்பில் படிக்கும் இரு பிள்ளைகளுக்கிடையே ஏறத்தாழ ஓராண்டு வயது வேறுபாடு இருக்கலாம். 9 வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வலிமையிலும் பெரிய வேறுபாடு.

இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1 முதல் கணக்கிடப்படுகிறது. அதனால் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிறந்தவர்களே பயிற்சியகங்களில் மிகுதியாகவும், கோடையில் பிறந்தவர்கள் குறைவாகவும் காணப்படுகின்றனர். இதனைச் 'சார்பு வயது விளைவு' என்பர். மூத்திருப்பதைத் திறமை என்று தேர்வாளர் தவறாக எண்ணிவிடுவதே இதன் காரணம். இக்குறையைப் போக்க, பிறந்த தேதிக்குப் பதிலாக உடல் வளர்ச்சி நிலையைக் கொண்டு குழு பிரித்து ஆடவைக்கும் முறையும் அங்கு முயலப்படுகிறது.

இந்தியாவில் இதே சிக்கல் வேறு வடிவில் உள்ளது. வயதைக் குறைத்துக் காட்டும் சான்றிதழ்கள் இளையோர் போட்டிகளில் நீண்ட காலத் தொல்லை. இதைத் தடுக்க, மணிக்கட்டு எலும்பின் வளர்ச்சியைப் படம் எடுத்து வயதை மதிப்பிடும் சோதனை பயன்படுத்தப்படுகிறது. வயதைக் குறைத்து ஆடும் ஒருவரால், உண்மையான வயதில் உள்ள ஒரு சிறுவன் தன் இடத்தை இழக்கிறான்.

டாட்டா கால்பந்துப் பயிற்சியகம்

டாட்டா ஸ்டீல் நிறுவனத்தின் ஆதரவில் இயங்கும் இப்பயிற்சியகம் விடுதியுடன் கூடியது. நாடு முழுவதிலிருந்தும் சிறுவர்கள் தேர்வுப் போட்டிகள் மூலம் சேர்க்கப்படுகின்றனர். இந்திய அணியின் முன்னாள் ஆட்டக்காரரும் பயிற்றுநருமான பி.கே. பானர்ஜி 1990களில் இதன் தொழில்நுட்ப இயக்குநராகப் பணியாற்றினார்.

கார்ல்டன் சாப்மன், ரெனெடி சிங், மகேஷ் கவ்லி, தீபக் மண்டல், கோல்கீப்பர் சுப்ரதா பால் ஆகியோர் இங்குப் பயின்று இந்திய அணிக்கு ஆடியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். பெங்களூரைச் சேர்ந்த சாப்மன் 1990இல் ஜாம்ஷெட்பூர் வந்து, 1993இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்.

இங்கிலாந்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தொடங்கிய காலத்தில் இது எந்தத் தொழில்முறைக் கழகத்தின் கிளையாகவும் இல்லை. பயின்றவர்கள் கொல்கத்தா, கோவா முதலிய இடங்களிலுள்ள கழகங்களுக்குச் சென்றனர். 2017இல் ஜாம்ஷெட்பூர் எப்.சி. இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்த பின்னரே அதே ஊரில் உயர்நிலைக் கழகம் ஒன்று அமைந்தது.

2015இல் நவி மும்பையில் தொடங்கப்பட்ட ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளையோர் பயிற்சியகமும் முழு உதவித்தொகையுடன் பள்ளிக் கல்வியையும் சேர்த்தே வழங்குகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இத்தகைய பணியை அரசே பெருமளவு செய்கிறது. 1992இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பல மாவட்டங்களில் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேரும் மாணவர்கள் தேர்வுப் போட்டிகள் வழியாக இவற்றில் சேர்க்கப்படுகின்றனர். தங்குமிடம், உணவு, பயிற்சி ஆகியவை இலவசம். மாணவர் அருகிலுள்ள பள்ளியில் படிப்பைத் தொடர்வார்.

சென்னை வியாசர்பாடியில் தொண்டு அமைப்பு ஒன்று 1990களின் பிற்பகுதியிலிருந்து குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத் தருகிறது. விளையாட்டுத் திறனுடன் கல்வியையும் அது தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டுள்ளது. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் 2018இல் இந்தியன் சூப்பர் லீக்கை வென்ற சென்னையின் எப்.சி. அணியில் நடுக்கள ஆட்டக்காரராக இருந்தார். அவ்வாண்டு கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் அவர் ஒரு கோலும் அடித்தார்.

பெண்கள் கால்பந்தில் மதுரையின் சேது எப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. தென்மாவட்டப் பெண் பிள்ளைகளுக்கு இது எட்டும் தொலைவில் உள்ள எடுத்துக்காட்டு.

விடுவிக்கப்படுவோர்

விடுவிக்கப்படுவது திறமையின்மைக்குச் சான்று அன்று. இங்கிலாந்து அணிக்காக மிக அதிக கோல்கள் அடித்த ஹாரி கேன், 8 வயதில் சேர்ந்த ஆர்சனல் பயிற்சியகத்திலிருந்து ஒரே ஆண்டில் விடுவிக்கப்பட்டவர். பின்னர் டாட்டன்ஹாம் கழகம் அவரை வளர்த்தது. ஜேமி வார்டி 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழகத்தால் விடுவிக்கப்பட்டு, தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிறிய கழகங்களில் ஆடினார். அவர் 2016இல் லெஸ்டர் சிட்டி அணியுடன் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றார்.

ஆனால் இவர்கள் விதிவிலக்குகள். விடுவிக்கப்படும் பெரும்பாலோர் மைதானத்துக்கு வெளியேதான் வாழ்க்கையைத் தேட வேண்டும். பத்தாம் வகுப்பை முடிக்காமல் 16 வயதில் வீடு திரும்பும் சிறுவனுக்கு ஆட்டமும் இல்லை, படிப்பும் இல்லை. படிப்பைத் தொடர்ந்தவனோ கல்லூரி விளையாட்டு ஒதுக்கீடு, உடற்கல்வி ஆசிரியர் பணி, பயிற்றுநர் உரிமம், நடுவர் பணி எனப் பல வழிகளில் செல்ல முடியும்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

'அகாடமி' என்று பெயர்ப்பலகை வைக்கும் எல்லா இடங்களும் ஒரே தரத்தவை அல்ல. பெற்றோரும் மாணவரும் பின்வருவனவற்றைக் கேட்டறிவது நல்லது:

- அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் உள்ளதா?
- பயிற்றுநரிடம் பயிற்சி உரிமம் உள்ளதா?
- பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பார்? தேர்வு நாட்களில் பயிற்சி எப்படி அமையும்?
- காயம் ஏற்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது?
- மறு ஆய்வு எப்போது நடக்கும்? முடிவைப் பெற்றோருக்கு யார், எப்படித் தெரிவிப்பார்?
- இதற்கு முன் விடுவிக்கப்பட்ட பிள்ளைகள் இப்போது என்ன செய்கின்றனர்?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. தன்னிடம் பயின்ற எல்லாப் பிள்ளைகளையும் நினைவில் வைத்திருக்கும் பயிற்சியகம் அதற்கு உடனே பதில் சொல்லும்.