ஏறுமீனைப் பிடித்தால் ஜெயில்! கிள்ளியாற்றில் தூண்டில் போடுவோர் கவனத்துக்கு

கிழக்கேகோட்டையில் இருந்து அட்டக்குளங்கரை வழியாகக் கிள்ளிப்பாலத்துக்கு நடந்தே போய்விடலாம். பாலத்தின் அடியில் ஓடுவது கிள்ளியாறு. நெடுமங்காடு பக்கம் பனவூர் அருகே பிறந்து, ஜகதி, ஆற்றுகால் வழியாக வந்து, பள்ளத்துக்கடவில் கரமனை ஆற்றோடு சேருகிறது. சாலை பஜாரில் மூட்டை சுமக்கிறவர்களும், கடைகளில் கணக்கு எழுதுகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தூண்டிலோடு ஆற்றுப் பக்கம் போவது உண்டு. நெல்லை, குமரி மாவட்டத்துக் குளத்தங்கரைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் சீக்கிரத்தில் போகாது.

போகட்டும். ஆனால் இடவப்பாதி மழை பிடிக்கும் நாட்களில் மட்டும் தூண்டிலையும் வலையையும் வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 9-ந் தேதி நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் தடை என்பது சாலையில் மீன் வாங்கும் எல்லோருக்கும் தெரியும். விலை ஏறியதுமே தெரிந்துவிடும். ஆற்றிலும் தோட்டிலும் அதே மழைக்காலத்தில் ஒரு தடை இருப்பது, பிழைக்க வந்தவர்களில் பலருக்குத் தெரியாது.

ஊத்தா வேறு, ஊத்த வேறு

நம்மூரில் ஊத்தா என்றால் மூங்கில் குச்சிகளால் பின்னிய, அடி அகன்ற கூடை. கலங்கிய குளத்தில் அதை அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள். மலையாளிகள் அந்தக் கூடையை ஒற்றால் என்கிறார்கள். அவர்கள் ஊத்த என்று சொல்வது கருவியை அல்ல, மீன் ஏறுவதை. ஜூன் மாதத்தில் முதல் பெருமழை பெய்து வயலும் வாய்க்காலும் நிறைந்ததும், வரால், கெளுத்தி, கெண்டை, பனையேறி எல்லாம் ஆற்றை விட்டுத் தோடுகள் வழியாக எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறுகின்றன. வயலில் தேங்கிய புதுநீரில் ஆழம் குறைவு. பெரிய மீன்களின் தொல்லையும் குறைவு. குஞ்சுகளுக்கு இரை ஏராளம். முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடையாது.

வயிறு நிறையச் சினையோடு வரும் மீனுக்கு ஆளைக் கண்டு ஓடும் சுறுசுறுப்பு இருக்காது. மடையின் குறுக்கே ஒரு கூடு வைத்தால் விடிவதற்குள் நிறைந்துவிடும். கேரள கிராமங்களில் இது ஒரு கொண்டாட்டமாகவே நடந்து வந்தது. இரவில் டார்ச் லைட்டும் வெட்டுக்கத்தியுமாக ஊரே வயலில் இறங்கும். ஆனால் சட்டிக்குள் போகும் ஒவ்வொரு சினை மீனோடும் ஆயிரக்கணக்கான முட்டைகளும் போகின்றன.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழா கோடையில் வருகிறது. கண்மாயில் தண்ணீர் வற்றி, மீன் எப்படியும் சாகப் போகிற நேரம். ஊர் திரண்டு அள்ளினாலும் பெரிய நஷ்டம் இல்லை. இங்கே அள்ளுவது மழையின் தொடக்கத்தில். ‘ஊரில் பிடித்தோமே, அங்கே யாரும் கேட்கவில்லையே’ என்ற வாதம் இங்கே எடுபடாமல் போவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடுத்தது. அன்றைய தண்டனை இரண்டு மாதம் வரை ஜெயில், அல்லது 200 ரூபாய் வரை அபராதம். கேரளத்தில் இப்போது நடப்பில் இருப்பது 2010-ம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டமும், 2013-ம் ஆண்டு விதிகளும். இனப்பெருக்கக் காலத்தில் ஏறிவரும் மீனைப் பிடிப்பதும், அதன் வழியை மறித்துக் கூடோ வலையோ வைப்பதும் குற்றம். 15 ஆயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் ஜெயிலும் கிடைக்கலாம். தினக்கூலிக்காரருக்கு 15 ஆயிரம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

தோட்டா போடுவது, துரிசு கலக்குவது, கம்பத்தில் இருந்து ஒயர் இழுத்துத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது ஆகியவற்றுக்கு எந்த மாதத்திலும் அனுமதி இல்லை. கடைசியாகச் சொன்னதில் மீனுக்கு முன்னால் மனிதன் போய்விடுவதும் உண்டு.

ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை மீன் பிடிக்கலாம் என்று அமெரிக்க மாநிலங்களில் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். உரிமம் வாங்கிக்கொண்டுதான் தூண்டில் போட வேண்டும். இங்கே ஊத்தக் காலத்தில் அந்தக் கணக்கு கிடையாது; ஒரு கூடை என்றாலும் ஒரு மீன் என்றாலும் குற்றம்தான். எண்ணிக்கை வைத்துப் பார்த்ததும் உண்டு. ‘மிஸ் கேரளா’ என்ற அழகு மீன், கண்ணாடித் தொட்டிகளுக்காக வெளிநாடு போவது. மலை ஆறுகளில் அதைக் கண்டபடி அள்ளியதால், 2008-ல் அரசு பிடிக்கும் அளவுக்கு வரம்பு கட்டியது. ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கவும் தடை வந்தது. பிறகு நடந்த ஆய்வில், அந்த மீன் முட்டையிடுவது அக்டோபர் முதல் மார்ச் வரை என்று தெரிந்தது. மீனின் மாதத்தைக் கேட்காமல் போட்ட தடை பெரும்பாலும் வீண்! ஊத்த விஷயத்தில் அந்தத் தவறு இல்லை. மழையும் மீனும் சட்டமும் ஒரே சமயத்தில் வருகின்றன.

நகரத்துத் தண்ணீர்

கிழக்கேகோட்டைக்கு இன்னும் அருகில் இருப்பது ஆமயிழஞ்சான் தோடு. தம்பானூர், தகரப்பறம்பு வழியாக ஓடுகிறது. 2024 ஜூலையில் தம்பானூர் ரெயில் நிலையம் அருகே அதில் குப்பை அள்ள இறங்கிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அகப்பட்டு, மூன்றாம் நாள் பிணமாகத்தான் கிடைத்தார். அந்தத் தண்ணீரில் அகப்படும் மீனைக் குழம்பு வைக்காமல் இருக்க ஒரு சட்டமும் வேண்டியதில்லை. கிள்ளியாற்றிலும் நகரத்துச் சாக்கடை கலக்கத்தான் செய்கிறது.

நல்ல தண்ணீரைத் தேடிக் கரமனை ஆற்றின் மேல் பகுதிக்கு, பேப்பாறைக்கு பஸ் ஏறுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே அணையைச் சுற்றி இருப்பது 1983-ல் அறிவிக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயம். வன இலாகாவின் அனுமதி இல்லாமல் அங்கே எந்த மாதத்திலும் தூண்டில் போட முடியாது.